பெயரை விடுங்கள், வார்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்

மகளுக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுக்குப் பெரிய பெயர்; வீட்டை அடமானம் வைத்தால்தான் கட்டணம் கட்ட முடியும். மற்றதை யாருக்கும் தெரியாது. கட்டணம் கைக்கு அடக்கம். அங்கே மாணவர்கள் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதைப் பார்த்ததிலிருந்து மகள் அதையே கேட்கிறாள். உங்கள் மைத்துனரோ பெரிய பெயரை விடக்கூடாது என்கிறார். இரண்டும் நல்லதுதான் என்று சொல்லி உங்களைத் தேற்றலாம். ஆனால் மைத்துனர் சொல்வது தப்பு.

உலகத் தரவரிசைப் பட்டியல்கள் பலவற்றில் ஆராய்ச்சிக்கும் புகழுக்கும்தான் எடை அதிகம். மாணவர்கள் ஆசிரியருக்குப் போடும் மார்க்கையும் அப்படியே நம்பாதீர்கள். 1973-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஒரு நடிகரை நிபுணர் என்று அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்கள் முதலானோர் முன் சாரமே இல்லாத உரையைப் பேச வைத்தார்கள். பாராட்டு குவிந்தது! 2018-இல் வந்த ஒரு ஜெர்மானிய ஆய்வில், வகுப்பில் சாக்லேட் பிஸ்கட் கிடைத்த மருத்துவ மாணவர்கள் ஆசிரியருக்குக் கூடுதல் மார்க் போட்டார்கள்.

சரி, எதைத்தான் பார்ப்பது? இரண்டு கல்லூரிக்கும் போய் இறுதியாண்டு மாணவர்களைத் தனியாகப் பிடியுங்கள். "நீ நோயாளியைப் பரிசோதிக்கும்போது ஆசிரியர் கூடவே நின்று பார்த்தது கடைசியாக எப்போது? பார்த்துவிட்டு என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். "கையை வைத்த இடம் தப்பு என்று காட்டிக்கொடுத்தார்" என்பதுபோல் குறிப்பான பதில் வந்தால் அங்கே கற்பித்தல் நடக்கிறது. "நல்லா சொல்லிக்கொடுப்பார்" என்று பொதுவாக நழுவினால் யோசியுங்கள். மினி சி.இ.எக்ஸ். என்றொரு முறை உண்டு: ஆசிரியர் கால் மணி நேரம் போல மாணவரைக் கவனித்துவிட்டு, அங்கேயே சில நிமிடம் குறை நிறை பேசுவார். அது அங்கே நடக்கிறதா, படிவத்தில் மட்டும் இருக்கிறதா என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். அப்புறம், ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். பின்வரிசையில் நிற்பவருக்கு இதய ஒலி கேட்காது, கல்லூரி எவ்வளவு புகழ்பெற்றதானாலும்.

அங்கீகாரம் இல்லாத கல்லூரி என்றால் பேச்சே வேண்டாம். அது இருந்தால், மகள் விரும்புகிற இடத்தில் சேருங்கள். அவள் பார்த்துச் சொன்னது பட்டியல் சொல்லாத விஷயம். வீட்டை அடமானம் வைப்பதற்கு நான் ஒப்பமாட்டேன். இதற்குப் பிறகு மேற்படிப்பும் இருக்கிறது. கடன் தலைக்கு மேல் இருந்தால், பிடித்த துறையை விட்டுவிட்டுச் சீக்கிரம் சம்பளம் வரும் வேலையைத்தான் அவள் தேட வேண்டியிருக்கும்.

பணம் கட்டுமுன் மகளோடு ஒரு முழு நாள் அந்தச் சின்னக் கல்லூரி வார்டில் இருந்து பாருங்கள். கட்டில்கள் காலியாகக் கிடந்தால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.