கேள்வி – பதில்: காசநோய்க்கு அக்குபங்சர் துணை செய்யுமா?

கேள்வி: என் கணவருக்கு நுரையீரல் காசநோய். மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. குமட்டலும் பாத எரிச்சலும் இருக்கின்றன. அக்குபங்சர் (உடலில் மெல்லிய ஊசி குத்தும் சிகிச்சை) செய்தால் சரியாகும், மாத்திரையைக்கூட நிறுத்தலாம் என்கிறார்கள். செய்யலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: மாத்திரையை நிறுத்தவே கூடாது. காசநோய்க் கிருமியை ஊசி கொல்லாது. முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்பியூட்டால் என நான்கு மருந்துகள். அடுத்த 4 மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்று. சில வாரங்களிலேயே இருமல் அடங்கி, பசி எடுக்கும். அதை ஊசியின் பலன் என்று நம்பி மாத்திரையை விடுபவர்கள் உண்டு. மிச்சமிருக்கும் கிருமிகள் மறுபடி பெருகும்; மருந்துக்கு மசியாத காசநோயாகவும் மாறலாம்.

பாத எரிச்சலுக்கு ஊசியைத் தேடாதீர்கள். ஐசோனியாசிட் பி6 வைட்டமினைக் குறைப்பதால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். சர்க்கரை நோயோ குடிப்பழக்கமோ இருந்தால் இன்னும் எளிதில் வரும். பைரிடாக்சின் (பி6 வைட்டமின்) மாத்திரை தருகிறார்களா என்று கேளுங்கள். எரிச்சலை மட்டும் அமுக்கிவைத்தால் பாதிப்பு சத்தமில்லாமல் வளரும்.

குமட்டலுக்கு விரலே போதும். உள்மணிக்கட்டு ரேகைக்கு மேலே, முழங்கைப் பக்கமாக, அவருடைய விரலால் மூன்று விரற்கடை அளந்து, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே கட்டைவிரலால் 2, 3 நிமிடம் அழுத்தலாம். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினால், பயம் வேண்டாம். ஆனால் கண் மஞ்சளித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் போய்க் கல்லீரல் பரிசோதனை செய்ய வேண்டும்.

கேள்வி: இருமலுக்கு நெஞ்சிலும் முதுகிலும் ஊசி போடலாமா? – வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். தோள்பட்டை மேட்டிலும் நெஞ்சிலும் மேல்முதுகிலும் ஊசி சற்று ஆழமாக இறங்கினாலே நுரையீரல் உறையைத் துளைத்துக் காற்று கசியலாம். காசநோயால் குழி விழுந்த நுரையீரல் அதைத் தாங்காது. ஒரு பக்க நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

உடலின் மற்ற இடங்களில் ஊசி போட்டுக்கொள்வதானால் சளியில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகு போங்கள். அடைத்த அறையில் அடுத்தவருக்குத் தொற்றக்கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிதானா, உறையை உங்கள் முன் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். சரியாகச் சுத்தம் செய்யாத ஊசியால் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் தோலில் புண் உண்டாக்கியது பல நாடுகளில் பதிவாகியுள்ளது.

கேள்வி: ஊசியோடு மூலிகை கொளுத்திச் சூடு காட்டுகிறார்களே? – வாசகர், மதுரை

பதில்: அந்தப் புகை இருமலைக் கிளப்பும். நுரையீரல் காசநோயாளிக்குத் தேவையில்லை.