தொண்ணூறு கட்டுரை எழுதியும் ஆறிலேயே நிற்கிறேன்

கேள்வி: மட்டக்களப்பில் தாதியாகக் கடமை செய்கிறேன். இங்கிலாந்தில் தாதியாகப் பதிவதற்காக ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை எழுதினேன். கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 7 கிடைத்துவிட்டது. எழுத்தில் மட்டும் இரண்டு தடவையும் 6. எனக்குத் தேவை 6.5. இரவுக் கடமை இல்லாத நாளெல்லாம் ஒரு கட்டுரை எழுதுகிறேன். தொண்ணூறு தாண்டிவிட்டது, மூன்று சி.ஆர். கொப்பி முடிந்துவிட்டது. மாதிரி விடைகளும் பாடம். இன்னும் எத்தனை எழுத வேண்டும்? இரண்டு கட்டுரைகளையும் ஒரு வரைபடக் கேள்விக்கான விடையையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
- களுவாஞ்சிகுடி வாசகி

பதில்: மகள், இரண்டு கிழமைக்குப் புதுக் கட்டுரை ஒன்றுமே எழுத வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்று மூன்று மாதத்துக்கு முன் எழுதியது, மற்றது போன கிழமை எழுதியது. முதலாவதில் இருந்த பிழைகள் அப்படியே இரண்டாவதிலும் இருக்கின்றன. கையெழுத்து மட்டும் வேகமாகியிருக்கிறது. தொண்ணூறு தடவை எழுதியதில் பிழையும் தொண்ணூறு தடவை கைக்குப் பழகிவிட்டது. எழுதி முடித்ததும் பக்கத்தைப் புரட்டி அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். திருத்திய அடையாளம் ஒன்றையும் நான் காணவில்லை.

புள்ளி எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு விடைகள். முதலாவது வரைபட விடை, குறைந்தது 150 சொல். இரண்டாவது கட்டுரை, குறைந்தது 250. இரண்டாவதற்கு இரு மடங்கு மதிப்பு. ஒவ்வொன்றையும் நான்கு வகையில் அளக்கிறார்கள்: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்து கோவையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம பங்கு. ஆகவே 6.5 எடுக்க நான்கிலும் ஏறத் தேவையில்லை. இரண்டு விடைகளிலும் இரண்டு வகையில் 7 எடுத்து, மற்ற இரண்டில் 6 இல் நின்றாலே போதும். உங்கள் கருத்துகள் நன்றாகவே கோவையாகப் போகின்றன. கையைப் பிடித்து இழுப்பது இலக்கணம், அதற்கு அடுத்தது முதல் வகை.

இலக்கணத்தில் 6 க்கும் 7 க்கும் என்ன வித்தியாசம்? புள்ளியிடும் விவரணத்தை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார்கள், எடுத்துப் படியுங்கள். 7 இல் 'பிழையில்லாத வசனங்கள் அடிக்கடி வர வேண்டும்' என்கிறார்கள். பெரிய சொற்களைக் கொட்டச் சொல்லவில்லை, நீளமான வசனமும் கேட்கவில்லை. உங்கள் போன கிழமைக் கட்டுரையில் 17 வசனங்கள். பிழையே இல்லாதவை ஐந்து. இந்த ஐந்தை பத்து, பதினொன்றாக்குவதுதான் உங்கள் வேலை. இனிமேல் கட்டுரையை எண்ணாமல் இதை எண்ணுங்கள்.

பிழைகளும் ஆயிரம் வகை இல்லை, மூன்றே மூன்றுதான். மூன்றும் நம் தமிழ் காதால் வருபவை. 'எக்குவிப்மென்ட்ஸ்', 'இன்போமேசன்ஸ்', 'அட்வைசஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். உபகரணங்கள், தகவல்கள், ஆலோசனைகள் என்று தமிழில் பன்மை சொல்லி வளர்ந்த வாய்க்கு இது சரியாகத்தான் படும். ஆனால் ஆங்கிலத்தில் இந்த மூன்று சொற்களுக்கும் பன்மை கிடையாது. இரண்டாவது, 'த' என்ற சின்ன ஆங்கிலச் சொல். தமிழில் 'ஒரு' இருக்கிறது, 'த' வுக்கு ஈடாக ஒன்றும் இல்லை. அதனால் விடுபட்டாலும் காதில் உறுத்தாது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும். பெயர்ச்சொல் ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் கோடு போட்டு, 'எண்ணலாமா, எது என்று படிப்பவருக்குத் தெரியுமா' என்று கேட்டுக்கொண்டே போங்கள். முதல் தடவை அரை மணி நேரம் பிடிக்கும், சலிப்பாகவும் இருக்கும். மூன்றாவது, 'ஓல்தோ' என்று தொடங்கிய வசனத்தின் நடுவில் 'பட்' போடுவது. இரண்டில் ஒன்று போதும்.

அடுத்தது வரைபடக் கேள்வி. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒவ்வொரு எண்ணையும் பிடித்து ஒப்புவித்திருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஏனென்றால் இதில் நீங்கள் எனக்கே பாடம் எடுக்கலாம். காலையில் கடமை மாறும்போது அடுத்து வருபவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? பெட் ஹெட் டிக்கெட்டில், அதாவது நோயாளியின் குறிப்பு அட்டையில், இருக்கும் காய்ச்சல் அளவை ஆறு மணிக்கு இவ்வளவு, பத்து மணிக்கு இவ்வளவு என்று முழுக்க வாசிப்பீர்களா? 'இரவு முழுக்கக் காய்ச்சல் இறங்கிக்கொண்டே வந்தது, பிரஷர் மட்டும் ஏறியது' என்பீர்கள். கேட்டால்தான் எண்ணைச் சொல்வீர்கள். பரீட்சகருக்கும் அதே மாதிரி முதலில் இரண்டு வசனத்தில் மொத்தப் போக்கைச் சொல்லுங்கள். எண்கள் அதற்குப் பிறகு வரட்டும், அதுவும் முக்கியமானவை மட்டும். இந்த இரண்டு வசனம் இல்லாமல் முதல் விடையில் மேலே ஏறுவது கடினம்.

கட்டுரைக்கு வருகிறேன். இரண்டும் 'இன் திஸ் மொடர்ன் வேர்ல்ட்' என்று தொடங்குகின்றன. மனனம் செய்த முன்னுரை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பரீட்சகர்கள் இப்படி ஆயிரம் பார்த்தவர்கள். பள்ளியில் முன்னுரையில் ஊரைச் சுற்றி வந்து கடைசியில் கருத்தைச் சொல்லப் பழக்கிவிட்டோம், அதில் என் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. இங்கே உங்கள் நிலைப்பாடு முதல் பந்தியிலேயே வந்துவிட வேண்டும். உதாரணத்திலும் அப்படித்தான். அரசு வீதிக்குச் செலவழிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு 'பல நாடுகளில் வீதிகள் உதவுகின்றன' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உதாரணமே இல்லை. சொந்த அறிவிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் சொல்லுங்கள் என்று கேள்வித்தாளே கேட்கிறது. உங்கள் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தை எழுதுங்களேன். 1924 இல் திறந்த பழைய பாலத்தில் எதிரெதிரே இரண்டு வாகனம் போக முடியாது, ஒரு பக்கம் வரும்வரை மறுபக்கம் காத்துக் கிடக்க வேண்டும். 2013 இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தார்கள். அம்புலன்ஸ் காத்து நிற்பதையும் தாதிக்குத்தான் சரியாக எழுத வரும். பரீட்சகருக்குக் கல்லடி எங்கே என்று தெரிய வேண்டிய அவசியமில்லை.

பயிற்சியை இப்படி மாற்றிப் பாருங்கள். அந்த வீதிக் கட்டுரையையே எடுங்கள். இரண்டு நாள் தொடாமல் வையுங்கள், அப்போதுதான் வேறு யாரோ எழுதியது போலக் கண்ணுக்குத் தெரியும். மூன்றாம் நாள் சத்தமாக வாசித்து, ஒரு வகைப் பிழையை மட்டும் தேடுங்கள். மூன்றையும் ஒன்றாகத் தேடினால் ஒன்றும் அகப்படாது. அடுத்த நாள் கொப்பியைப் பார்க்காமல், நாற்பது நிமிடத்துக்குள், அதே கட்டுரையைத் திரும்ப எழுதி, பிழையில்லாத வசனங்களை எண்ணி மூலையில் குறியுங்கள். கொப்பியின் கடைசிப் பக்கம் உங்கள் சொந்தப் பிழைகளுக்கு. பரீட்சையில் கடைசி மூன்று நிமிடம் தேட வேண்டியது அந்தப் பக்கத்தில் இருப்பதை மட்டும்தான்.

போனில் திருத்தித் தரும் செயலியைப் பாவிக்கலாமா என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். பாவியுங்கள், ஆனால் திருத்தித் தரச் சொல்லாதீர்கள். எந்த வரியில் பிழை என்று மட்டும் காட்டச் சொல்லுங்கள். திருத்துவது உங்கள் பேனை. மாதிரி விடைப் புத்தகம் இன்னொன்று வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல மீனாக வாங்கி ஆக்கிச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று: போன முறை இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் இறங்கி, நேரே பரீட்சை மண்டபத்துக்குள் போனதாக எழுதியிருந்தீர்கள். அதைத் திரும்பச் செய்யாதீர்கள். ஒரு நாள் முன்னதாகப் போய்த் தூங்குங்கள்.

வீதிக் கட்டுரையை மூன்றாம் தடவை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். மூன்றாவதை மட்டும், கல்லடிப் பாலத்தோடு.