முகாமில் போன் கூடாதாம். மகளோடு எப்படித் தொடர்பில் இருப்பது?

பத்து வயது மகள் முதல்முறையாக இரண்டு வாரக் கோடை முகாமுக்குப் போகிறாள், அங்கே போனுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பையின் அடியில் ஒரு பழைய போனைச் சொருகி அனுப்பினால் என்ன என்ற யோசனை இந்நேரம் வந்திருக்கும். வேண்டாம். எனக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தது.

கடிதம் எழுதுங்கள். கொண்டுபோய் விடும் அன்றே சில கடிதங்களை உறையிலிட்டு, எந்தத் தேதியில் கொடுக்க வேண்டும் என்று மேலே குறித்து, பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். தபாலை மட்டும் நம்பினால் முதல் சில நாட்களுக்கு அவள் கையில் ஒன்றும் இருக்காது. சில முகாம்களில் நாம் அனுப்பும் மின்னஞ்சலை அச்செடுத்துக் கொடுப்பார்கள், பிள்ளையின் பதில் மட்டும் கையெழுத்தில்தான் வரும். அதற்குத் தபால்தலை ஒட்டி, உங்கள் முகவரியும் எழுதிய அஞ்சலட்டைகளைப் பையில் வையுங்கள். முகவரி எழுத வேண்டுமென்றாலே பாதிப் பிள்ளைகள் எழுதாது.

"நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தன் ஏக்கம் போதாதென்று நம்மைத் தேற்றும் வேலையும் அவள் தலையில் விழும். கட்டில் மேலேயா கீழேயா, அறையில் குறட்டை விடுவது யார் என்று கேளுங்கள்.

என் மகனிடமிருந்து வந்த முதல் அட்டையில், "அப்பா, உடனே வந்து கூட்டிட்டுப் போ. இங்க யாரும் என்கூடப் பேசல" என்றிருந்தது. என் மனைவி கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டாள். நான் அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தேன்: போய்ச் சேர்ந்த அன்று இரவு எழுதியது. முகாமுக்குப் போன் போட்டு, அவனைக் கூப்பிடச் சொல்லாமல், அவன் குழுவைப் பார்த்துக்கொள்பவரிடம் பேசினேன். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, சாப்பாட்டு மேசையில் யாரோடு உட்காருகிறான் என்று கேட்டேன். "எப்படி இருக்கான்?" என்றால் "நல்லா இருக்கான்" என்பதுதான் பதிலாக வரும். அவர் இரண்டு பையன்களின் பெயரைச் சொன்னார், மூவரையும் இரவு அடக்கித் தூங்கவைப்பதே பெரும்பாடு என்றும் சொன்னார். அது போதும் எனக்கு.

என் அம்மாவுக்குப் போதவில்லை. முகாம்காரர்கள் ஆல்பத்தில் ஏற்றும் படங்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, "சிரிக்கவே இல்லையே" என்பார். பெத்த மனம் பித்தாம், இந்த வீட்டில் மட்டும் கல்லாம். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் பையன் எப்படிச் சிரிப்பான்?

இது என் சொந்தப் பிடிவாதம் மட்டுமல்ல. 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழில் 2007-ல் கிறிஸ்டோபர் தர்பர், எட்வர்ட் வால்டன் இருவரும் பிள்ளைகளின் வீட்டு ஏக்கம் பற்றி எழுதிய கட்டுரையும், "பிடிக்கலேன்னா வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது. நீ சமாளிக்கமாட்டாய் என்று நாமே சொல்லி அனுப்புவது போலத்தானே அது. போவதற்கு முன் ஓரிரு இரவு உறவினர் வீட்டில் தங்கிப் பழகட்டும் என்பதும் அதில் உண்டு.

உடனே யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தொடர்ந்து மருந்து எடுக்கும் பிள்ளை, சாப்பாடும் தூக்கமும் நின்றுபோன பிள்ளை, யாராவது துன்புறுத்துவதாகச் சொல்லும் பிள்ளை என்றால் கதையே வேறு. அப்போது அட்டையில் தேதி பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, கிளம்பிப் போக வேண்டியதுதான். அதை நான் மறுக்கவே இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தை நிரப்பியது நான், கடிதம் எழுதியது நான், முதல் தொடர்பு எண்ணாகக் கொடுத்ததும் என் எண்தான். ஆனாலும் முகாமிலிருந்து ஒவ்வொரு முறையும் அழைப்பு போனது என் மனைவிக்கு. அவள் போனை என்னிடம் கொடுத்தால், "அம்மாகிட்டயே சொல்லிடறோம் சார்" என்பார்கள். போர்வை வேண்டுமா என்ற கேள்விக்குக்கூட அப்பனுக்குப் பதில் தெரியாது என்று யார் முடிவு செய்தது? உங்கள் வீட்டில் யார் எழுதுகிறாரோ அவர் எண்ணுக்கே கூப்பிடச் சொல்லி, கொண்டுபோய் விடும் நாளிலேயே நேரில் கேட்டு வாங்குங்கள்.