ஏஐ செயலி கொடுத்த பாவமன்னிப்பு செல்லுமா?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவின் சேமிப்பிலிருந்து 4,000 ரூபாய் எடுத்துச் செலவழித்துவிட்டேன். கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் யாருக்கும் தெரியாது. பங்குத்தந்தைக்கு என் குரல் தெரியும். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது. ஒரு ராத்திரி ஏஐ செயலியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடவுள் மன்னித்துவிட்டார், நிம்மதியாகத் தூங்குங்கள் என்றது. இது போதுமா?

பதில்: போதாது, சகோதரி. பாவசங்கீர்த்தனம் என்கிற ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிப்பு வழங்க குருவால்தான் முடியும். இணையத்தில் அருட்சாதனங்கள் கிடையாது என்று வத்திக்கான் 2002-லேயே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று, குருவின் உடையில் 'ஃபாதர் ஜஸ்டின்' என்ற ஓர் ஏஐ உருவத்தை இறக்கியது. அது பாவமன்னிப்பும் கொடுத்தது, அவசரத்துக்கு கேட்டரேட் குளிர்பானத்தில் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றும் சொன்னது! சில நாட்களிலேயே அங்கியைக் கழற்றி வெறும் ஜஸ்டின் ஆக்கிவிட்டார்கள்.

சட்டம் கிடக்கட்டும். என்னை உறுத்துவது வேறு. அந்தச் செயலி உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எந்தச் சாமியாராக இருந்தாலும், "பணத்தைத் திருப்பி வச்சிட்டியாம்மா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இல்லாவிட்டால் அது மனத்துயரே ஆகாது. பைபிளில் வரும் வரி வசூலிப்பவர் சக்கேயு எழுந்து நின்று, நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். இந்தச் செயலிகளோ, மனிதர்கள் தங்களுக்குப் பிடித்த பதில்களுக்கு மதிப்பெண் போட்டுப் பழக்கியவை. கேட்பவர் மனம் கோணாமல் பேசத்தான் பார்க்கும். உங்கள் குழுவில் வாரம் நூறு ரூபாய் கட்டுகிறவர் யார், அவர் அதை எப்படிச் சேர்த்தார் என்பதெல்லாம் அதன் கணக்கிலேயே இல்லை.

முதலில் பணம். மொத்தமாக முடியாவிட்டால் தவணையாக வையுங்கள். குழுவின் முன் நின்று நான்தான் எடுத்தேன் என்று சொல்லியாக வேண்டும் என்று திருச்சபை கேட்பதில்லை. சத்தமில்லாமல் திருப்பி வைத்தாலும் அது ஈடுசெய்தல்தான். ஆனால் இதற்குள் வேறு யார் மீதாவது சந்தேகம் விழுந்திருந்தால் கதை மாறிவிடும். அவர் பெயரைக் காப்பாற்றுவதும் உங்கள் கடன்.

கூச்சத்துக்கு வழி இருக்கிறது. பக்கத்துப் பங்குக்குப் போகலாம், வேளாங்கண்ணிக்குப் போகலாம். தவக்காலத்தில் வெளியிலிருந்து குருக்கள் வருவார்கள், அப்போதும் செய்யலாம். முகம் காட்டாமல் கிராதிக்குப் பின்னால் இருந்து பேச உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டதை வெளியே சொல்லும் குரு அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார். செயலி நிறுவனம் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. நீங்கள் தட்டச்சு செய்தது அவர்கள் சர்வரில் இருக்கக்கூடும். அந்த உரையாடலை இன்றைக்கே அழித்துவிடுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் நம்மை நாமே சோதித்துப் பார்க்கும் ஆன்ம சோதனைக்குப் பத்துக் கட்டளைகளை வரிசைப்படுத்தித் தரச் சொல்லி அதனிடம் கேட்டால் தப்பில்லை. பேரும் தொகையும் மட்டும் வேண்டாம்.