வரன் வருகிற நேரத்தில் வழக்கு

கேள்வி: அண்ணன் காலமானபின் அவர் மகனை நாங்கள்தான் வளர்த்தோம். திருட்டு பைக்கை வாங்கி விற்றதாகப் பிடித்துப்போய் நாற்பது நாளாகிறது. எஃப்.ஐ.ஆரில் ‘எதிரி’ என்றும் பேப்பரில் ‘குற்றவாளி’ என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே? மகளுக்கு வரன் பார்க்கிறோம். ரேஷன் கார்டில் அவன் பெயரை எடுத்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: ஒன்றில்லை அம்மா. போலீஸ் யார்மீது வழக்குப் போடுகிறதோ அவர் எதிரி. குற்றவாளி என்று சொல்லும் அதிகாரம் சாட்சிகளை விசாரித்து முடித்த நீதிபதிக்கு மட்டும்தான். ‘எதிரி குற்றவாளி எனத் தீர்மானிக்கப்படுகிறது’ என்றோ, ‘குற்றவாளி அல்ல’ என்றோ தீர்ப்பில் வரும். அதுவரை வேலூர் தொரப்பாடி ஜெயிலில் இருந்தாலும் அவன் விசாரணைக் கைதிதான்.

பேப்பர்காரர் அவசரத்தில் எழுதினார். நீங்கள் ஏன் ரேஷன் கார்டில் கை வைத்தீர்கள்? கோர்ட்டுக்கு முன்னால் நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அத்தை வீடுதானே வீடு? ஜாமீன் மனு வந்தால் நீதிபதி முதலில் பார்ப்பது, நிலையான முகவரி உண்டா, வெளியே விட்டால் ஓடிவிடுவானா என்பதைத்தான். அப்படி ஒருவன் எங்கள் வீட்டில் இல்லை என்று அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, யாரை நம்பி விடச் சொல்வீர்கள்?

திருட்டுப் பொருள் வாங்கிய பிரிவு மட்டும் என்றால் அதிகபட்சம் 3 வருஷம். ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க கோர்ட் உத்தரவிட்ட) நாளையும் சேர்த்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் அவன் உரிமை. ஆனால் கதவு தானாகத் திறக்காது. 61-ம் நாள் காலையிலேயே மனு போட வேண்டும். அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போச்சு. சாதாரண ஜாமீனுக்கு இன்றே மனு போடலாம். வக்கீலுக்குக் காசில்லை என்ற பேச்சே வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் போடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம், ‘வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் பின்னால் பேச்சு கேட்கப்போவது உங்கள் மகள்தான்.

இ-சேவை மையத்தில் பெயரைத் திரும்பச் சேர்க்க எழுதிக் கொடுங்கள். இந்த வாரமே ஆதாரை எடுத்துக்கொண்டு ஜெயிலுக்கு மனு பார்க்க, அதாவது அவனை நேரில் பார்த்துப் பேசப் போங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிப்போங்கள், நாளைக்குப் பிணைக் கையெழுத்து போட வேண்டியவர் அவர்தான்.