நடுவராக இருப்பதற்கு மிகக் கடினமான விளையாட்டு எது?

எந்த விளையாட்டில் நடுவராக இருப்பது மிகவும் கடினம் என்ற இந்தக் கேள்விக்குக் கிரிக்கெட், கால்பந்து, குத்துச்சண்டை, ஜிம்னாஸ்டிக்ஸ் என்று பலரும் பல பதில்களைச் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால் தடகளத்தில் உள்ள வேகநடைப் பந்தயத்தைத்தான் முதலில் சொல்வேன். உடற்கல்வி ஆசிரியராகப் பள்ளி, மாவட்ட அளவிலான போட்டிகளில் ஓட்டத்தின் முடிவுக் கோட்டிலும், நீளம் தாண்டுதலின் பலகை அருகிலும், கபடி ஆடுகளத்தின் ஓரத்திலும் நின்றிருக்கிறேன். அவை எதிலும், நடைப் பந்தயத்தில் மஞ்சள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது மனத்தில் ஏறும் பாரம் இருந்ததில்லை.

இந்தப் பந்தயத்தில் நடுவர் கவனிக்க வேண்டிய விதிகள் இரண்டுதான். நடப்பவரின் இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புவது மனிதக் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்பது ஒன்று. முன்னே வைக்கும் கால் தரையைத் தொட்ட கணத்திலிருந்து செங்குத்தாக நிற்கும் நிலைக்கு வரும் வரை முழங்கால் மடங்காமல் நேராக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த விதிகளை நடைமுறைப்படுத்த வேண்டிய வேகத்தை நினைத்துப் பாருங்கள். உலகின் முன்னணி ஆண்கள் 20 கி.மீ. தூரத்தை 80 நிமிடங்களுக்குள் நடந்து முடிக்கிறார்கள். மணிக்கு 15 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகம் அது. ஓடிப் பழக்கமில்லாத ஒருவர் அவர்களோடு ஓடியே பார்த்தாலும் சில நிமிடங்களில் பின்தங்கிவிடுவார். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 அடிகள் விழுகின்றன. அதாவது ஒவ்வோர் அடிக்கும் கிடைப்பது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்; அதற்குள் பின்காலின் விரல் நுனி தரையை விட்டது முதலா, முன்காலின் குதிகால் தரையைத் தொட்டது முதலா என்பதை நடுவர் வெறும் கண்ணால் சொல்ல வேண்டும்.

பள்ளி மாணவர்களுக்கான 5,000 மீட்டர் நடைப் பந்தயத்தை 400 மீட்டர் பாதையில் நடத்தும்போது பன்னிரண்டரைச் சுற்றுகள் வரும். வளைவின் வெளிப்புறத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். தொலைவில் வரும்போது மாணவர்களை நேருக்கு நேராகத்தான் பார்க்க முடியும். அந்தக் கோணத்தில் முழங்கால் மடங்குகிறதா என்பது தெரியவே தெரியாது. பக்கவாட்டில் தெளிவாகத் தெரிவதெல்லாம் அவர்கள் என்னைக் கடக்கிற சில அடிகள் மட்டும். அதற்குள் ஐந்தாறு பேர் கூட்டமாக வந்துவிட்டால், உள்பக்கமாக நடப்பவரின் கால்களை வெளிப்பக்கம் நடப்பவரின் கால்கள் மறைத்துவிடும். தோள் குலுங்குவதும் தலை மேலும் கீழும் ஆடுவதும் அந்த மாணவன் ஓடுகிறான் என்ற எண்ணத்தை உண்டாக்கும், ஆனால் தோளையும் தலையையும் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. பார்க்கத் தேவையில்லாத அந்த அசைவுகளைக் கண்ணிலிருந்து விலக்கிவிட்டு முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்வையை நிறுத்தப் பழகுவதற்கே பல போட்டிகள் ஆகும். தசை திரண்ட முழங்கால் நேராக இருந்தும் மடங்கியதுபோலத் தோன்றும். தொடக்கத்தில் முந்திக்கொள்ள வேகமெடுக்கும்போதும், இறுதிச் சுற்றில் ஒருவரையொருவர் துரத்தும்போதும் பாதம் தரையை விட்டு எழும்பும். களைப்பு ஏறியபின் முழங்கால் மடங்கத் தொடங்கும். ஒரே மாணவனிடம் ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு தவறைத் தேட வேண்டியிருக்கும்.

சந்தேகம் எழுந்தால் நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டி எச்சரிப்பார். கைப்பிடியோடு கூடிய அந்த வட்ட அட்டையில், தவறுக்கேற்ப, தரைத்தொடர்பு அறுவதைக் குறிக்கும் அலைக்கோடோ மடங்கிய முழங்காலைக் குறிக்கும் கோணக் குறியோ இருக்கும். ஒரே தவறுக்காக ஒரே நடையாளரை ஒரு நடுவர் ஒரு முறைதான் எச்சரிக்கலாம். தவறு உறுதியாகத் தெரிந்தால் அவர் சிவப்பு அட்டையை எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்ப வேண்டும். மூன்று வெவ்வேறு நடுவர்களிடமிருந்து மூன்று சிவப்பு அட்டைகள் சேர்ந்தால் தகுதி நீக்கம் என்பதுதான் நெடுங்கால நடைமுறை. சாலையில் நடக்கும் பெரிய போட்டிகளில் தலைமை நடுவரையும் சேர்த்து அதிகபட்சம் ஒன்பது பேர் இருப்பார்கள். சர்வதேசப் போட்டிகளில் ஒரே நாட்டைச் சேர்ந்த இருவர் அந்தக் குழுவில் இடம்பெறுவதில்லை. இவர்களில் ஒருவர் மற்றவரிடம் கருத்துக் கேட்கக் கூடாது, காணொளியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவும் கூடாது. கிரிக்கெட் நடுவருக்கு மூன்றாவது நடுவர் துணை, கால்பந்து நடுவருக்குத் திரை துணை. நடைப் பந்தய நடுவருக்கு அவருடைய கண்ணைத் தவிர வேறு துணையே கிடையாது.

இதனால் விளையும் வேதனையை உலகம் முழுவதும் கண்டது 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான். ஆண்கள் 20 கி.மீ. பந்தயத்தில் மெக்சிகோவின் பெர்னார்டோ செகுரா முதலாவதாக வந்து முடித்தார். தம் நாட்டு அதிபரிடமிருந்து வந்த வாழ்த்துத் தொலைபேசி அழைப்பில் பேசிக்கொண்டிருந்த நிலையில், அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டதை அதிகாரி வந்து தெரிவித்தார். தங்கம் போலந்தின் ராபர்ட் கோர்ஜெனியோவ்ஸ்கிக்குச் சென்றது. சில நாட்கள் கழித்து நடந்த பெண்கள் 20 கி.மீ. பந்தயத்தில் முன்னணியில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேற்றப்பட்டனர். கடைசியாக, சொந்த மண்ணில் தங்கத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் ஜேன் சாவில், மைதானத்துக்குள் நுழையவிருந்த இடத்தில், தகுதி நீக்கத்தை அறிவிக்கும் சிவப்பு அட்டையைக் கண்டு தலையில் கைவைத்து அழுதார். தங்கத்தை வென்றவர் சீனாவின் வாங் லிபிங். சாவில் நான்கு ஆண்டுகள் கழித்து ஏதென்ஸில் வெண்கலம் வென்றார் என்பது எனக்கு இன்றும் ஆறுதல் தரும் செய்தி. ஆனால் அன்று அந்த அட்டையை நீட்டிய அதிகாரியின் நிலையை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த முடிவு அவர் ஒருவருடையது அல்ல. பாதையின் வெவ்வேறு இடங்களில் நின்ற மூன்று பேர் தனித்தனியே கண்டதை அறிவிப்பது மட்டுமே அவர் கடமை. அரங்கமே எதிர்பார்த்துக் காத்திருந்த ஒருவரை அந்த நேரத்தில் நிறுத்துவதற்கு வேண்டிய மன உறுதியை நான் மதிக்கிறேன்.

குத்துச்சண்டைதான் மிகக் கடினம் என்று சொல்பவர்களுக்கும் வலுவான காரணங்கள் இருக்கின்றன. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிச் சண்டையில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் தெளிவாக மேலோங்கி இருந்தும், 3-2 என்ற கணக்கில் தென்கொரியாவின் பார்க் சி ஹுன் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஒலிம்பிக்கில், ஐந்து நடுவர்களில் மூவராவது ஒரு விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் குத்துக்குப் புள்ளி என்ற கணினி முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு அதையும் கைவிட்டார்கள். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில், அரையிறுதி முடிவை ஏற்க முடியாத மணிப்பூரின் சரிதா தேவி, பரிசளிப்பு மேடையில் தம் வெண்கலப் பதக்கத்தைக் கண்ணீரோடு தென்கொரிய வீராங்கனையின் கழுத்தில் போட்டதை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குத்துச்சண்டை வீரரின் முதுகு மறைத்துவிட்டால் ஒரு பக்கத்தில் அமர்ந்திருக்கும் நடுவருக்குக் குத்து விழுந்ததா என்பதே தெரியாது. ஆகவே அந்த வேலையும் கடினமானதே. இருந்தாலும் அந்த விளையாட்டை இத்தனை ஆண்டுகள் அலைக்கழித்த புகார்களில் பெரும்பாலானவை நடுவர்களின் நேர்மையைப் பற்றியவை. நேர்மையானவர்களை அமர்த்தினால் அந்தப் புகார்கள் பெருமளவு குறையும். நடைப் பந்தயத்தில் ஒன்பது பேரும் அப்பழுக்கற்றவர்களாக இருந்தாலும் சிக்கல் அப்படியே இருக்கும்.

கபடியையும் சொல்லாமல் விட முடியாது. எதிரணியில் ஆறு பேராவது நிற்கும்போது, பாடிச் செல்பவரின் ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டித் தரையில் படும் அதே கணத்தில் மற்றொரு கால் அந்தரத்தில் இருந்ததா என்பதையும், விரல் நுனி ஜெர்சியை உரசியதா என்பதையும் ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் இறுதியில், 28-28 என்று சமநிலையில் இருந்தபோது இந்தியாவின் பவன் செராவத் யாரையும் தொடாமல் லாபிக்குள் (ஆடுகளத்தின் இரு பக்க ஓரங்களிலும் உள்ள பட்டைக்குள்) போனதும், அவரைத் துரத்தி ஈரான் வீரர்களும் வெளியே போனதும், எந்த விதியின்படி புள்ளி வழங்குவது என்று ஆட்டமே நெடுநேரம் நின்றுபோனதும் நினைவிருக்கும். இந்தியா கடைசியில் 33-29 என்று வென்றது. அன்றைய குழப்பத்தில் நடந்தது என்ன என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. அதற்கு எந்த விதி பொருந்தும் என்பதில்தான் சர்ச்சை. விதியைத் தெளிவாக எழுதிவிட்டால் அது தீர்ந்துவிடும்.

நடைப் பந்தயத்துக்கும் காணொளி கொண்டுவந்தால் என்ன என்று என் மாணவர்களே கேட்பதுண்டு. மெதுவாக ஓட்டிப் பார்த்தால், உலகின் தலைசிறந்த நடையாளர்களில் ஏறத்தாழ எல்லோருடைய பாதங்களும் ஒவ்வோர் அடியிலும் மிகக் குறுகிய நேரம் தரையை விட்டு எழும்புவது தெரியும். அதைக் குற்றமாகக் கொண்டால் முடிவுக் கோட்டைக் கடக்க ஆள் இருக்காது. ஆகவேதான் விதி, கண்ணுக்குத் தெரிகிற எழும்பலை மட்டுமே தவறு என்கிறது. இதை அறியாதவர்கள் ஒரு புகைப்படத்தில் இரண்டு கால்களும் அந்தரத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, நடுவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்று பழி சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. காலணிக்குள் வைக்கும் மின்னணுக் கருவி பற்றியும் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. பாதம் எத்தனை நேரம் எழும்பினால் தவறு என்று ஓர் அளவை அது வகுத்துத் தரலாம், அதை நான் வரவேற்பேன். ஆனால் காலணிக்குள் இருக்கும் கருவிக்கு முழங்கால் மடங்குவது தெரியாது; அதற்கு நடுவரின் கண்தான் வேண்டும்.

அண்மைக் காலத்தில் வந்த மாற்றங்களில் எனக்குப் பிடித்தது தண்டனைப் பகுதி. இந்த முறையில், மூன்று சிவப்பு அட்டைகள் சேர்ந்தவுடன் நடையாளரை வெளியேற்றாமல் பாதையோரத்தில் ஒதுக்கிய இடத்தில் நிறுத்திவைக்கிறார்கள், 20 கி.மீ. பந்தயத்தில் இது 2 நிமிடம், 10 கி.மீ.யில் 1 நிமிடம். அதன்பின் இன்னொரு நடுவரும் சிவப்பு அட்டை தந்தால்தான் தகுதி நீக்கம். 2025 டோக்கியோ உலகத் தடகளப் போட்டியில், உலக சாதனையாளரான ஜப்பானின் தோஷிகாசு யமனிஷி சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில் இப்படித்தான் 2 நிமிடம் நிறுத்திவைக்கப்பட்டார். பதக்கம் கைநழுவிப் போனாலும், அவரால் பந்தயத்தைத் தொடர்ந்து நடந்து முடிக்க முடிந்தது. எங்கள் பள்ளிப் போட்டிகளிலும் இந்த முறையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் கேட்டு வருகிறேன். வெளியேற்றப்பட்ட மாணவன் அடுத்த ஆண்டு நடைப் பந்தயத்துக்கே பெயர் கொடுப்பதில்லை; ஒரு நிமிடம் நின்றுவிட்டு மீண்டும் நடந்தவன், அன்றே தன் பயிற்சியாளரிடம் போய் முழங்காலை எப்படித் திருத்துவது என்று கேட்கிறான்.