கேக் காத்திருக்காது

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு இரண்டரை வயது. போன ஞாயிற்றுக்கிழமை அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குக்கரில் கேக் செய்தேன். தயிரும் சோடாவும் சேர்த்த, முட்டையில்லாத கேக். நான் தனியாகச் செய்தால் எப்போதும் நன்றாக வரும். அன்று "நான்தான் கலக்குவேன்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அரைமணி நேரம் விடவே இல்லை. கேக் எழும்பாமல் அடை மாதிரி கிடந்தது. "பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுச் செய்திருக்கலாமே" என்கிறார் மாமியார். அதுதான் சரியோ?

வாசகி, திருச்சி

அன்புத் தங்கைக்கு,

பிள்ளை மேல் தப்பில்லை. செய்முறையிலும் தப்பில்லை. இரண்டுக்கும் ஒத்துப்போகாது, அவ்வளவுதான்.

தயிரின் புளிப்பில் சோடா பட்டதுமே வாயு கிளம்பிவிடும். அந்தக் குமிழெல்லாம் மாவுக்குள் இருக்கும்போதே சூடு ஏறினால்தான் கேக் உப்பும். அரைமணி நேரத்தில் பெரும்பகுதி போயிருக்கும். போதாததற்கு, ஈரம் பட்ட மைதாவைக் கலக்கக் கலக்க பரோட்டா மாவு போல இழுவை ஏறும். பரோட்டாவுக்கு அது வேண்டும், கேக்குக்கு ஆகாது. கேக் மாவு காத்திருக்காது. இரண்டரை வயதுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் காத்திருக்கிற மாவாகப் பார்த்து எடுங்கள்.

என் மகளுக்கு அந்த வயதிருக்கும்போது நாங்கள் செய்தது நெய் பிஸ்கட். ஒரு கப் மைதா, அரை கப் பொடித்த சர்க்கரை, இரண்டு ஸ்பூன் ரவை, ஒரு சிட்டிகை சோடா, ஏலக்காய்ப் பொடி, உறைந்த நெய் சுமார் அரை கப். தண்ணீரே கிடையாது. நெய் மாவைப் பூசிக்கொள்வதால் எவ்வளவு பிசைந்தாலும் இழுவை பிடிக்காது. நடுவில் பொம்மையைத் தேடிப் போய்விட்டு அவள் கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாலும் மாவுக்கு ஒன்றும் ஆகாது. நெய்யை மட்டும் ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். உருட்டினால் உடையாத பதம் வந்ததும் நிறுத்திவிடலாம்.

மேடையில் ஏற்றி நிறுத்தவே வேண்டாம். தரையில் பழைய பேப்பரை விரித்து, பெரிய தாம்பாளத்தை நடுவில் வைத்து, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துகொள்ளுங்கள். விழுந்தாலும் மாவுதான் விழும். நான் உருட்டி வைப்பேன், அவள் கட்டைவிரலால் அமுக்குவாள். முதல் உருண்டையில் விரல் தட்டு வரைக்கும் இறங்கிவிட்டது. எடுத்துப் பார்த்தாள், நகக்கண்ணில் மாவு, ஓட்டை வழியாகத் தட்டு தெரிந்தது. அடுத்ததில் விரலை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "போதும்" என்றதும் எடுத்தாள். எட்டாவது, ஒன்பதாவது உருண்டைக்கெல்லாம் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் அமுக்கியதில் மெல்லியவை சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் அவற்றைத் தனித் தட்டில் வைத்துச் சுட்டேன். ஓவனில் 170 டிகிரி, கால்மணி நேரம். வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள், ஆறியதும் மொறுமொறுப்பாகிவிடும்.

பன் மாவும் இப்படித்தான், பிசையப் பிசைய நல்லது. ஈஸ்ட் சேர்த்து மூடி வைத்த மாவு இரண்டு மடங்காகப் பொங்கியதும், அதில் குத்தி அமுக்கும் வேலையை அவளுக்கே கொடுங்கள்.

கேக்தான் வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. மாவு சலிப்பது, சர்க்கரை அள்ளிப் போடுவது, தட்டில் எண்ணெய் தடவுவது எல்லாம் அவள் வேலை. குக்கர் சூடான பிறகு தயிர்க் கலவையை மாவில் ஊற்றி நீங்களே பத்துச் சுற்றுக் கலக்கி உடனே உள்ளே வைத்துவிடுங்கள். கேஸ்கட்டும் வெயிட்டும் போடாமல் வெறுமனே காயும் குக்கர் கடுஞ்சூடாக இருக்கும். அப்போது பிள்ளை அடுப்பங்கரையில் இருக்கக் கூடாது, வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பச்சை மாவை நக்க விடாதீர்கள். முட்டை இல்லாவிட்டாலும்தான். மைதா வேகாத பொருள், அதிலும் கிருமி இருக்கலாம். 2016-இல் அமெரிக்காவில் கோதுமை மாவின் வழியாகவே ஈ.கோலை தொற்று பரவியது. "கூடாது" என்று மட்டும் சொன்னால் அந்த வயது கேட்காது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைப்பழத் துண்டு வைத்துவிடுங்கள், வாய்க்கும் வேலை இருக்கும். முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். மேலே முழு முந்திரி பதிக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும்; பொடித்துச் சேர்த்துவிடுங்கள்.

மாமியார் சொன்னது உங்கள் அலுப்பைப் பார்த்துத்தான் இருக்கும். அடுத்த ஞாயிறு அவரையும் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். உருட்ட இன்னும் இரண்டு கை கிடைக்கும். முதல் தட்டு ஆறியதும், விரல் பதிந்த பிஸ்கட்டைப் பேத்தி கையாலேயே அவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா